எதிர்ப்பக்கத்து நெரிசல்

விரைவுச்சாலை விபத்து என்றால் செய்தியில் மோதியவர் வருவார், மோதப்பட்டவர் வருவார், கருத்துச் சொல்லும் அதிகாரி கட்டாயம் வருவார். அத்தனையையும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, கண் எரிய எரியத் திரையில் பார்ப்பவள் மட்டும் வரமாட்டாள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. தற்காலிக வேலை நிரந்தரமானால் போதும் என்றிருந்தாள்.

அன்று காலை, மெத்தை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று டயர் வெடித்துச் சாய்ந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை. சாலை முழுக்க மெத்தை, விழுந்திருந்தாலும் வலித்திருக்காது.

கூத்து நடந்தது எதிர்ப்பக்கத்தில். ஒரு குறையுமில்லாத அந்தப் பாதையில் மூன்று வண்டிகள் ஒன்றன் முதுகில் ஒன்று முட்டிக்கொள்ள, மதியம்வரை ஊரே ஸ்தம்பித்தது.

மாலையில் தலைமைப் பொறியாளர் புயலாக அறைக்குள் நுழைந்தார். விபத்தை வேடிக்கை பார்ப்பதால் எவ்வளவு நெரிசல் உண்டாகிறது என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதைப் பற்றிப் பேச மேடை கிடைத்தால் இறங்கமாட்டார். பின்னாலேயே, முட்டிக்கொண்ட மூன்றில் முன்னால் நின்ற சலவைக்கடை வேனின் ஓட்டுநரம்மாள் வந்தாள். வரச் சொன்னது அவர்தான்.

"இந்தம்மாதான் முதல்ல நின்னது. ஏம்மா, மெத்தையைப் பார்த்ததே இல்லையா நீங்க?"

"மெத்தை உறை துவைக்கிறதுதான் சார் என் பொழப்பு. அதைப் போய் நின்னு பார்ப்பேனா? முன்னாடி போன கார் சடார்னு நின்னுச்சு. நானும் பிரேக்கை மிதிச்சேன்."

"எல்லாரும் சொல்ற கதை. ஆறு மாசம் உங்க லைசென்ஸை முடக்கச் சொல்லி எழுதப்போறேன்."

"அப்புறம் வண்டியை யார் சார் ஓட்டுறது? எங்க வீட்டுக்காரரா? அவர் நாற்காலியைப் பின்னால தள்ளினாலே நாலு பேர் மேல இடிப்பாரு!"

அறையில் சிரிப்பு எழுந்து, பொறியாளரின் முகத்தைப் பார்த்து அடங்கியது. ஓட்டுநரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. யாரோ பிடுங்க வருவதைப்போல வண்டிச் சாவியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

"முன்னாடி கார் இருந்ததாம்! பாலத்துக் கேமராவுல தெரியும். போடும்மா" என்று அவர் திரைமுன் உட்கார்ந்திருந்தவள் பக்கம் திரும்பினார். "இருந்தா அந்த ஆளையும் பிடிப்போம். அறிவிப்புப் பலகையிலெல்லாம் அவன் படம்தான். நாலு பேர் காறித் துப்பணும்."

அந்தப் பதிவை அவள் காலையிலேயே பார்த்துவிட்டாள். பக்கத்து இருக்கை அக்காவும் பார்த்திருந்தார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முணுமுணுத்தார். "கேமரா ஓடலைன்னு சொல்லிடு."

"ஓடுச்சேக்கா."

"ஓடினது எனக்குத் தெரியாதா? உன் பெர்மனன்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடப்போறது யாருன்னு யோசிச்சுக்கோ. ஒரே ஒரு பொய். நானெல்லாம் இங்க தலை நரைச்சது அப்படித்தான்."

அவள் யோசித்தாள். யோசிக்கும்போது பார்வை அந்தச் சாவியின் மேல் போய் நின்றதுதான் தப்பாகிவிட்டது.

"சார், இதை நீங்க மட்டும் தனியா பார்த்தா நல்லது."

"ஏன், உங்க சொந்தக்காரரா?"

"சொந்தமில்லை சார். தெரிஞ்சவர்."

"அப்படின்னா பெரிய திரையிலேயே போடுங்க! சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

போட்டாள்.

சலவைக்கடை வேனுக்கு முன்னால் உண்மையாகவே ஒரு கார் இருந்தது. கறுப்பு நிறம், கூரைமேல் சுழல்விளக்கு. பாதை காலியாகக் கிடக்க, நட்டநடுச் சாலையில் அது நின்றது. பின்கண்ணாடி இறங்கியது. செல்போன் பிடித்த கை ஒன்று வெளியே வந்தது, தொடர்ந்து முழங்கை, நல்ல கோணம் அமையாததால் இடுப்புவரை உடம்பும் வந்தது. உச்சி வழுக்கை வெயிலில் மின்னியது. அந்த வழுக்கையைப் பார்த்துத் தினமும் எழுந்து நின்ற அறை அது.

அதன் பின்னால் வேன் மூக்கைத் தாழ்த்தி நிற்க, மற்ற இரண்டும் சத்தமில்லாமல் வந்து முட்டின. கறுப்புக் கார் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போனது.

ஓட்டுநரம்மாள் திரையைப் பார்த்தாள், பொறியாளரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஏன் சார்... இது நீங்கதானே?"

"நான் வேடிக்கை பார்க்கலை!" பொறியாளரின் குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது. "மத்தவங்க வேடிக்கை பார்க்கிறதைப் படம் எடுத்தேன். ஆராய்ச்சிக்கு."

"மத்தவங்களா? உங்களுக்கு முன்னாடி ஒருத்தரையும் காணோமே சார்!"

பொறியாளருக்கு அவசரமாக ஒரு கூட்டம் நினைவுக்கு வந்தது. போய்விட்டார். ஓட்டுநரம்மாள் லைசென்ஸோடு வீடு திரும்பினாள்.

கட்டுப்பாட்டு அறைப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. மறுவாரமே நீக்கிவிட்டார்கள். சொன்ன காரணம்: பணி நேரத்தில் வேடிக்கை பார்த்தாள்.