அப்பாவின் துடிப்பு

கலைமகளின் கைபேசியில் அப்பாவின் இதயத் துடிப்பு மூன்றாவது நாளாகத் தடுமாறியது. அவர் மார்பில் ஒட்டிய கருவி மருத்துவமனைக்கும் அவளுக்கும் ஒருசேரத் தகவல் அனுப்பும். கூலிம் தொழிற்சாலையில் அதே கருவிகளைச் சோதித்து அனுப்புபவள் அவள். உடனே அப்பாவைப் போனில் அழைத்தாள்.

"அப்பா, டாக்டர் மாத்திரையக் கூட்டிப் போடச் சொல்லிட்டாரு."

"எனக்கு ஒன்னுமில்ல லா! இப்பத்தான் ஒரு கூடை மீன் தூக்கினேன். ஒன் மெஷின்தான் ரோசாக், கெட்டுப்போச்சு! ஒங்கம்மாதான் அசதின்னு படுத்திருக்கா."

"பேச்ச மாத்தாதீங்க! மெஷின் பொய் சொல்லாது."

மறுநாள் துடிப்புக் கோடு ஏற்ற இறக்கமே இல்லாத நேர்க்கோடாகிவிட்டது. அப்பா போனை எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு அப்பா ஊரான கோத்தா கோலா மூடாவுக்குப் பறந்தாள்.

வாசலில் மீன் கூடையோடு குத்துக்கல்லாட்டம் நின்றார் அப்பா!

"மெஷின் எங்கப்பா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "மீன் ஏலத்துல விலையக் காதோட காதா சொல்லணும். அது நடுவுல பீப் பீப்னு கத்துது. எல்லாரும் சிரிக்கிறானுங்க. கழட்டி வச்சா ஆஸ்பத்திரியிலேருந்து போன் வருது. அதான் போன வாரமே..."

"போன வாரமே?"

"ஒங்கம்மாவுக்கு ஒட்டிவிட்டேன். மெதுவாப் பேசும்மா, உள்ள தூங்குறா."