கயிற்றின் மறுமுனை

"நான் கையெழுத்து போட மாட்டேன். பாஸ்டரே வந்துட்டார், அவர்கிட்ட பேசிக்கோ," என்றார் சத்தியநாதன்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு ஹாலில் பாஸ்டரும் அவர் மனைவி எப்சியும் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். சிறுசேரி ஆபீஸிலிருந்து நேராக வந்த கெசியா, மலையேற்ற கிளப்பின் சம்மதப் படிவத்தை அப்பாவிடம் நீட்டியபடியே நின்றாள்.

"இமயமலையில, ஸ்பிதி பள்ளத்தாக்குல ஆறாயிரம் மீட்டர் சிகரம், பாஸ்டர். பக்கத்துல ஊரே கிடையாது. ரெண்டு வருஷமா ப்ளான் பண்றோம். வீட்டுல ஒருத்தர் கையெழுத்து இல்லாம சேர்த்துக்க மாட்டாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அப்பா பேச்சைக் கேளும்மா," என்றார் பாஸ்டர். "பனியில கால் வழுக்கினா?"

"கயிறு இருக்கு. ஒரு கயிற்றுல ரெண்டு பேர். நான் விழுந்தா அவங்க பிடிப்பாங்க. நான் பின்வாங்கினா அவங்களும் போக முடியாது. அதனால போகத்தான் போறேன்."

"அந்த இன்னொருத்தர் யாருன்னு கேளுங்க பாஸ்டர்," என்று சத்தியநாதன் சீறினார். "மூணு நாளா வாயே திறக்கல. எவனோ இவ மனசைக் கெடுத்து வச்சிருக்கான்."

"அவங்களே சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்பா."

பாஸ்டர் சிரித்தார். "பொறுப்பான ஆளா இருந்தா, முதல்ல அவன் வீட்டுல கேட்டிருப்பானே?"

எப்சி காபி டம்ளரைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து அதே மாதிரி ஒரு படிவத்தை எடுத்துக் கணவரின் மடியில் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

"இப்ப கேக்கறேன். நீங்க முதல்ல போடுங்க. அதைப் பார்த்துட்டு சத்தியநாதன் அண்ணன் போடுவார்."