நடுவர் முதுகில் பட்ட பந்து

பாசிர் கூடாங் தொழிற்சாலை அணிகளின் இறுதியாட்டத்தில், நடுவராக நின்ற நானே முதுகால் ஒரு கோல் போட்டேன். வலை கிழிந்து, பந்து நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூர் வரை போனது.

ஊரே நம்புகிறது. மருமகன் ரூபேந்திரன் மட்டும் நாலு வருடமாக, "பந்து உங்க மேல படவே இல்ல மாமா," என்பார்.

கோல் கம்பத்தை ஒட்டி நின்றது என் தவறுதான். ஒருவன் உதைத்த பந்து என் முதுகில் பட்டு உள்ளே போனது. நடுவர் மேல் பட்டுப் போனால் கோல் செல்லாது. விசில் ஊதிக் கையை ஆட்டினேன்.

நாற்பதாயிரம் பேர் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். நானூறு என்று என் மனைவி கஸ்தூரி திருத்துவாள். உதைத்தவனே எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து வந்தான். செத்தேன் என்று கண்களை மூடிக்கொண்டேன்.

அவன் என்னை அணைத்துப் பிடித்து, கூட்டத்தை விலக்கி, கார் வரை கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"பயப்படாதீங்க மாமா."

அந்த 'மாமா'வில் விழுந்துவிட்டேன். அன்று காலையில்தான் பெண் கேட்டு வந்த இவனை, "பந்து உதைக்கிறவனுக்குப் பொண்ணு இல்ல," என்று விரட்டியிருந்தேன். அடுத்த முகூர்த்தத்திலேயே அவனுக்கே என் மகள் பிரவீனாவைக் கட்டிக்கொடுத்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேன். "இன்னைக்காவது உண்மையச் சொல்லுங்க மாப்பிள்ளை. பட்டுச்சா, இல்லையா?"

ரூபேந்திரன் பிரவீனாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கோல் திறந்துதான் கிடந்துச்சு மாமா. காலையில வந்த கோவத்துல உங்க முதுகைத்தான் குறி வெச்சேன்," என்றவர், தட்டைப் பார்த்தபடி முடித்தார்.

"பட்டுச்சு."