விதைக்காட்டின் எல்லை

அவர் தலையில் மண்கட்டி இருந்தது.

தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தார். வெறுந்தலையில், ஊர்ப் பொதுக்காட்டில் வெட்டியெடுத்த ஈரக்கட்டி. கையால் பிடிக்கக் கூடாது. எல்லை சொல்கிறவர் அதைச் சுமந்தபடி நடக்க வேண்டும். அது சத்தியம்; அவர் கால் போகிற வழிதான் எல்லை. அதன் பிறகு அந்த மலையில் மறுபேச்சு இல்லை.

எழுபத்தாறு வயது. கழுத்து வளையவில்லை.

பின்னால் ஊர் வந்தது. ஊரோடு ஜிபிஎஸ் கருவியைப் பிடித்தபடி சர்வேயரும் வந்தார். முன்னால் போகிறவரின் தடம் கருவியில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

புள்ளிகள் சேர்ந்தால் பட்டா. ஒருவர் பெயரில் அல்ல, ஊரின் பெயரில். இனி யாரும் விற்க முடியாது. சமவெளியிலிருந்து வரும் கீழ்நாட்டுக்காரருக்குக் குத்தகை விடவும் முடியாது. வருகிற மழைக்குச் சாமை விதைப்பதென்று கிராம சபையில் முடிவாகியிருந்தது. விதையை வேறு மலையில் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடவில்லை.

ஓடைக்கரை. பலாமரம். பாறைமேடு.

எல்லைக்கல் தெரிந்தது.

கல்லுக்கு இந்தப் பக்கம் ஊரின் சரிவு. அந்தப் பக்கம் அவருடைய மரவள்ளிக் காடு, ஊற்று, வீடு.

மகன் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அருகில் நின்றிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பிறக்கும் முன்பே கல் அங்கேதான் இருக்கிறது.

அதைப் பெயர்த்து வந்து அங்கே நட்டவர், கட்டி சுமக்கிறவரின் அப்பா.

ஊற்றைச் சுற்றி ஊரின் விதைக்காடு இருந்தது. அதில் விளைந்ததை யாரும் தின்பதில்லை. எல்லா வீட்டுக்கும் மறுவருட விதை அது. கல் நகர்ந்தது. விதைக்காட்டில் அப்பா வீடு கட்டினார். சில வருடங்களில் ஊரில் சாமை விதை இல்லாமல் போனது. எல்லோரும் மரவள்ளிக் குச்சி நட்டார்கள்.

இன்றைக்கும் கோயிலில் முதல் மரியாதை அந்த வீட்டுக்குத்தான். அந்த வீட்டில் பொய்ச் சத்தியம் கிடையாது என்பார்கள்.

உண்மைதான். அப்பா கல்லை நகர்த்தினார். தலையில் கட்டி வைத்து நடக்கச் சொல்லி அப்பாவை யாரும் கேட்கவில்லை.

அவர் கல்லருகே வந்தார்.

கல்லைத் தாண்டினார்.

"அப்பா, கல்லு இங்க இருக்குதுப்பா" என்றான் மகன்.

திரும்பினால் கட்டி விழும். அவர் திரும்பவில்லை.

மரவள்ளிக்குள் இறங்கினார். ஊரும் இறங்கியது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு செடி ஒடியாமல் நடந்தார்கள்.

பின்னால் ஒரு முணுமுணுப்புக்காக அவர் காத்திருந்தார். எழவில்லை.

அப்போதுதான் புரிந்தது. ஊருக்குத் தெரியும். இத்தனை வருடமும் தெரியும்.

காது சுட்டது. முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

ஊற்றைத் தாண்டினால் வீடு. வாசலில் கேழ்வரகு உலர்த்திக்கொண்டிருந்த மருமகள் மாமனாரின் தலையைப் பார்த்தாள். பாயை இழுத்து வழிவிட்டாள்.

வாசல்நிலை தாழ்வானது. அவர் குனியவில்லை. முழங்காலை மட்டும் மடக்கி, கட்டி இடிபடாமல் உள்ளே போனார்.

ஊர் வாசலில் நின்றுவிட்டது.

வீட்டுக்குள்ளேயுமா எல்லை போகிறது என்று சர்வேயர் கேட்டார்.

சீரங்காயிதான் பதில் சொன்னாள். விதைக்காட்டில் கடைசி அறுப்பு அறுத்தவர்களில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்தி.

"வீட்ட விட்டுட்டுச் சுத்தி வளைச்சுப் போட்டுக்குங்க சார். மாமாவுக்கு வயசாயிருச்சு. வழி தெரியாம உள்ள பூந்துட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் அவசரமாகத் தலையாட்டினார்கள். சர்வேயர் வீட்டைச் சுற்றிப் போகத் திரும்பினார்.

உள்ளே பின்கதவின் தாழ் விலகும் சத்தம் கேட்டது. பிறகு கொல்லையிலிருந்து அவர் குரல்.

"எனக்கு வழி தெரியும் சீரங்காயி. அந்த ஆள இந்த வழியாவே வரச் சொல்லு."

சர்வேயர் செருப்பைக் கழற்றினார். ஆனாலும் படியில் தயங்கினார்.

மகன் அவரைத் தாண்டி உள்ளே போனான். அடுப்படியில் இருந்த பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வெளியே வைக்கத் தொடங்கினான்.