இந்த வருஷத்து மடு

குதிகாலை அவள் மெதுவாகத்தான் தட்டினாள்.

புடவைக் கரைக்குள் கால் இருந்தது. வெளியே தெரியாது. ஃபைபர் பரிசலின் தரையில் ஒரு டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக்.

எதிரே ஷெரின் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். மடியில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து கிளம்பிய கம்பி பரிசலின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதன் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மைக்.

மடுவில் கெளுத்தி மீன் கத்துகிறதா என்று கேட்க வந்த கல்லூரிப் பெண்.

கத்தினால் மடுவை மூடிவிடுவார்கள்.

மீனவர் சங்கத்தில் பேசி முடிவு செய்தது அது. கெளுத்தி கத்துகிற மடுவில் கெளுத்தி முட்டையிடும் என்று ஷெரின் சொன்னாள். அப்படியானால் புதுவெள்ளம் வந்து வடியும்வரை அங்கே யாரும் வலை இறக்க வேண்டாம் என்றார் தலைவர். எல்லோரும் கை தூக்கினார்கள். அவளும் தூக்கினாள்.

அதற்குப் பிறகுதான் சீட்டுக் குலுக்கினார்கள்.

ஒரு வருஷத்துக்கு ஒரு மடு ஒரு குடும்பத்துக்கு. ஆற்றிலேயே ஆழமான இந்த மடு இந்தத் தடவை அவள் வீட்டுக்கு விழுந்தது. இதற்கு முன் விழுந்தபோது மகள் வயிற்றில் இருந்தாள். இப்போது மகள் நர்சிங் படிக்கிறாள்.

வெள்ளம் வடிந்த பிறகு மடுவில் என்ன இருக்கும்? மீன் ஆறு முழுக்கப் பரவிவிடும். அடுத்த வருஷம் சீட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

டொக்.

காலடிச் சத்தம் கேட்டால் தவளையே வாயை மூடுகிறது. மீனுக்கு மட்டும் என்ன?

கரையிலிருந்து அவள் புருஷன் மாதேசன் குரல் கொடுத்தான்.

"என்னடி, கெளுத்தி பாட்டு எடுத்துருச்சா? சினிமாப் பாட்டா, சாமிப் பாட்டா?"

ஷெரின் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள். மாதேசன் வாயைப் பொத்திக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். தட்டு, விடாதே என்று அர்த்தம். காலால் தட்டு என்று சொல்லி அனுப்பியவனே அவன்தான்.

டொக்.

ஷெரின் கண்ணைத் திறந்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை.

"இந்தாங்கக்கா. நீங்க கொஞ்சம் கேளுங்க."

வேண்டாம் என்பதற்குள் காதில் மாட்டிவிட்டாள்.

முதலில் ஸ்டவ் எரிகிற மாதிரி ஒரே இரைச்சல். அது ஆறு.

காலுக்கு யார் சொல்வது? அது தன்பாட்டுக்கு ஒருமுறை தட்டியது.

கதவை யாரோ அறைந்து சாத்தியது போல இருந்தது.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

இவ்வளவு நேரமும் இந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். ஷெரின் பையைத் திறந்து கடலைமிட்டாய் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். வெயில் எதிர்ப்பாறையின் உச்சிக்கு ஏறிவிட்டது. தண்ணீர் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அவள் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டாள். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரைச்சல்.

வெறும் இரைச்சல்.

பிறகு, கர்ர்.

தெரிந்த சத்தம். வலையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது கைக்குள் கத்துகிற அதே சத்தம். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். வலியில் கத்துகிறது என்றுதான் நினைத்திருந்தாள். கத்திக்கொண்டிருக்கும்போதே கூடையில் போட்டிருக்கிறாள்.

இங்கே கை இல்லை. வலை இல்லை. யாரும் பிடிக்கவில்லை.

கர்ர், என்றது ஒன்று.

கர்ர் கர்ர், என்றது தள்ளியிருந்த இன்னொன்று.

முதலாவது உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தது. பிறகு நீளமாக ஏதோ சொன்னது. நடுவில் மூன்றாவது ஒன்று புகுந்தது. அவ்வளவுதான். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் பெண்கள் பேசுவதுபோல எல்லாப் பக்கமிருந்தும் பேச்சு. யாரும் யாரையும் முடிக்க விடவில்லை.

பரிசலுக்கு நேர் அடியில்.

எவ்வளவு மீன், என்று அவள் மனசு கணக்குப் போட்டது. ஒரு வீச்சுக்கே வலை கிழிந்துபோகும்.

ஷெரின் அவள் முழங்காலைத் தொட்டாள். அவள் ஒரு காதை மட்டும் விலக்கினாள்.

"அப்ப சத்தமா இருந்துச்சுக்கா. அதான் இன்னும் பதிவு போடல." ஷெரின் பல்லில் ஒட்டிய மிட்டாயை நாக்கால் துழாவினாள். "இப்பப் போடட்டுமா?"

அவள் கரையைப் பார்த்தாள். மாதேசன் குனிந்து வலையின் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டு விழுந்த மறுநாளே வாங்கிய வலை. இன்னும் நனையவில்லை.

ஒரு காதில் அவன் இருமல். மறு காதில் கர்ர்.

"போட்டுக்க."

ஷெரின் ஹெட்போனுக்காகக் கை நீட்டினாள்.

அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இதத் தரமாட்டேன் கண்ணு. இந்த வருஷம் மடு எங்களுது."

ஷெரின் கையை இழுத்துக்கொண்டாள். பெட்டியில் எதையோ அழுத்தினாள். சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது.

அவள் விலக்கிய காதையும் மூடினாள்.

கரையில் மாதேசன் எழுந்து நின்று வலையை ஒரு உதறு உதறினான். இருட்டுவதற்குள் இறக்கிவிடலாமா என்று கையைக் குவித்துக் கத்தினான்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.