இரண்டு தட்டு

ஜூடோ பயிற்சியில் முழங்கை மூட்டு விலகி, கட்டுப்போட்டுப் படுத்திருந்தான் தம்பி. பிடி போட்டவன் அண்ணன்தான்.

“அதென்னடா டேப் அவுட்?” என்றாள் அம்மா.

“வலி தாங்கலன்னா எதிராளி மேல ரெண்டு தட்டு தட்டணும்மா. தோத்துட்டேன்னு அர்த்தம். உடனே விட்டுடணும்,” என்றான் அண்ணன்.

“தட்டியும் விடலன்னா?”

“டீமை விட்டே தூக்கிடுவாங்க.”

“கோச் பக்கத்துலதான் நின்னாராம். இவன் தட்டவே இல்லையாம்,” என்றார் அப்பா. “வறட்டு வீம்பு! அப்படியே உன் பொறந்த வீட்டு ரத்தம்.”

“ஏன்டா, தட்டியிருந்தா கிரீடமா இறங்கிடும்?” என்று அம்மா தம்பியிடம் சீறினாள்.

தம்பி அண்ணனைப் பார்த்தான். “தோணலம்மா,” என்றான்.

அண்ணன் தலை நிமிரவில்லை. பயிற்சியின்போது, கோச்சின் கண்ணில் படாத பக்கம், அவன் தொடையில் தம்பி ஏழு முறை தட்டியிருந்தான். அவன் எண்ணிக்கொண்டேதான் இறுக்கினான்.