ஆயில் லைட்

பள்ளத்தில் கவிழ்ந்த லாரியிலிருந்து கழற்றிய ஆயில் ஃபில்டரை மெக்கானிக் குறுக்கே அறுத்து, இறந்துபோன டிரைவரின் மனைவியிடம் காட்டினார். உள்ளே தார் போலக் கசடு அப்பியிருந்தது.

“இதை மாத்தச் சொல்லி உங்க வீட்டுக்காரர் முதலாளிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டாராம். ஃபில்டர் அடைச்சா ஆயில் வேற வழியில போக ஒரு வால்வு இருக்கு. அதுவும் ஒட்டிக்கிச்சு. ஆயில் ஏறாம, இறக்கத்துல இன்ஜின் ஜாமாகி, ஸ்டியரிங்கும் இறுகிடுச்சு.”

“முன்னாடியே தெரிஞ்சிருக்காதாண்ணே?”

“ஆயில் பிரஷர் குறைஞ்சா சிவப்பு லைட் எரியும். அதைப் பார்த்தும் ஓட்டினது டிரைவர் தப்புன்னுதான் முதலாளி சாதிக்கிறார்.”

“எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா?”

“லாரிதான் நின்னிருக்கும். அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். செத்தவர் மேல் பழி விழுவதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை என்று மெக்கானிக் நினைத்தார்.

“அழாதீங்கம்மா. லைட்டோட பல்பு ஃபியூஸ் போயிருந்துச்சுன்னு விசாரணையில சொல்லிடறேன். அவர் மேல ஒரு சொல் வராது.”

“வேணாம்ண்ணே. லைட் எரிஞ்சுது. ‘ஓரங்கட்டி நிறுத்தப்போறேன், வர லேட்டாகும்’னு எனக்குப் போன் பண்ணினார். ‘பொண்ணு பிறந்தநாளுக்குக்கூட சாக்கு சொல்றீங்களா, எங்கேயும் நிக்காம வந்து சேருங்க’ன்னு நான்தான் கத்தினேன்.”

மெக்கானிக் அறுத்த ஃபில்டரைக் கீழே வைத்தார்.

“ஒருநாளும் என் பேச்சைத் தட்டினதில்லைண்ணே அவர்.”